நாம் பருகும் தேநீர்

விழாமலர்க் குழுவினர் எம்மிடம் வேண்டியது இலக்கியக் கட்டுரை ஒன்றினை. தமிழாசிரியர் என்றாற் சங்க நூல்களுள் ஏதேனும் ஒரு துறை, அன்றேற் சைவசித்தாந்தத்தில் ஏதேனும் ஒரு நுணுக்கம் என்பது பழைய மாணவர் மலர்களின் எழுதாச் சட்டம். அச்சட்டத்தை இம்முறை சற்றே மீறித் தேநீரைப் பற்றி எழுதத் துணிந்தோம். காரணம் பெரிதன்று. நாள்தோறும் மும்முறை நாவிற் படுகின்ற பொருளொன்றைப் பற்றி நம்மவர் ஏதும் அறியாதிருக்கின்றனர் என்னும் எண்ணம் சில ஆண்டுகளாக எம்மை உறுத்திவருகின்றது.

சொல்லிலிருந்து தொடங்குதல் எம் தொழிலுக்கு இயல்பு. நம் ஊர்க் கடைப்பலகைகளுட் பலவற்றிலே ‘தேனீர்’ என்று எழுதப்பட்டிருத்தலைக் காண்கின்றோம். தே என்பது சீனத்தின் தென்கீழ்க் கரையிலுள்ள அமோய்த் துறைமுகத்துப் பேச்சுவழக்கிற் பிறந்து, ஒல்லாந்த வணிகரின் கப்பலேறிப் பல நாடுகளுக்கும் பரவிய சொல். அதனோடு இலை சேரத் தேயிலை. நீர் சேரத் தேநீர். தேன் என்பதனோடு நீர் சேர்ந்தாலன்றோ தேனீர் ஆகும் என வகுப்பிலே மாணவர்க்குப் பலமுறை உரைத்துள்ளோம். ஆயினும், அத்தகைய கடையொன்றில் அமர்ந்து, தரப்பட்ட கோப்பையை வாயில் வைத்த மாத்திரத்தே, பலகை எழுதியவன் இலக்கணம் அறியாதவனல்லன், உள்ளதை உள்ளவாறே எழுதியிருக்கின்றான் என்று எண்ண நேர்ந்தது. மூன்று கரண்டி சீனியும் இரண்டு கரண்டி பால்மாவும் கலந்த அந்நீரிலே தேயிலைக்கு எஞ்சியிருந்தது நிறம் ஒன்றே.

இதனையே யாம் சொல்ல வந்தோம். உலகெங்கும் இலங்கையின் பெயரைக் கொண்டுசெல்லும் பொருள் தேயிலை. 1972ஆம் ஆண்டில் நாட்டின் பெயர் மாறிய பின்னரும், தேயிலை மட்டும் ‘சிலோன்’ என்ற பழைய பெயருடனேயே இன்றும் விற்கப்படுகின்றது. விளைவதிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கப்பலேறிப் போகின்றது. எஞ்சியதை நாம் அருந்துகின்றோம். அதனையும் நியூசிலாந்திலிருந்து வரும் பால்மாவினால் மூடி மறைத்து அருந்துகின்றோம். மலையில் விளைந்த நம் பொருளின் சுவையை இலண்டனிலும் மொஸ்கோவிலும் பக்தாத்திலும் உள்ளோர் அறிந்த அளவுக்கு நாம் அறியோம்.

எம் தலைமுறையினர் 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்திலே குடாநாட்டிற் சிறுவராய் வளர்ந்தோர். சீனி அருகிய காலம் அது; பால்மா குழந்தைக்கும் நோயாளிக்குமென ஒளித்துவைக்கப்பட்ட காலம். வீடுகளிலே வெறுந்தேநீரை ஊற்றிக் கொடுத்து, பனங்கட்டித் துண்டொன்றைக் கையில் வைப்பர். துண்டைச் சிறிது கடித்து ஒரு மிடறு. இனிப்புக் கரைந்துபோன பின் இன்னொரு மிடறு. துண்டு சிறிதாதலின் இரண்டாம் மிடறுகளே மிகுதி. அவ்விரண்டாம் மிடற்றிலே, இனிப்பின் துணையின்றித் தனித்து நின்ற துவர்ப்பினை எம் நா முதன்முதல் அறிந்தது. இல்லாமை கற்பித்த பாடம் என்று அதனைப் போற்றுவதற்கில்லை. அத்தடையால் உயிரிழந்த நோயாளரை நினைப்போர் எவரும் அவ்வாறு போற்றார். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே பால்மா கிட்டாமற்போனபோது, நாடு முழுவதும் அவ்வெறுந்தேநீருக்கே திரும்பியதையும் கண்டோம். பொதிகள் கடைக்கு மீண்டும் வந்த மறுநாளே எல்லோரும் பழைய வழக்கத்தை மேற்கொண்டனர் என்பதும் உண்மை.

ஆசிரியர் கலாசாலையிற் பயின்று சான்றிதழ் பெற்ற எமக்கு வாய்த்த முதல் நியமனம் ஊவா மலைகளிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு. அங்கே இருந்த நான்கு ஆண்டுகளிலேதான் தேயிலை என்பது ஒரு பொருளன்று, பல பொருள் என்று தெரிந்துகொண்டோம். விடுமுறைகளில் ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் இரத்தினபுரிக்கும் போய்வந்த நண்பர் மூலமும், யாமே சென்றும், பொதி பொதியாக வாங்கி, ஆசிரியர் விடுதியின் சிறு அடுப்பிலே நீர் கொதிக்கவைத்துப் பருகிப் பார்த்தோம். உடனிருந்த ஆசிரியர்கள் எம்மைப் பார்த்து நகைத்தனர். நகைத்தவருள் இருவர் பின்னர் எம்முடன் அமர்ந்து பருகத் தொடங்கினர்.

செடி ஒன்றே, அது வளரும் உயரமே வேறுபாட்டிற்கு முதற்காரணம். இரண்டாயிரம் அடிக்குக் கீழே விளைவது தாழ்நாட்டுத் தேயிலை. இரண்டாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் இடைப்பட்டது இடைநாட்டுத் தேயிலை. அதற்கு மேற்பட்டது உயர்நாட்டுத் தேயிலை. உயர ஏறுந்தோறும் குளிரினாற் செடி மெல்ல வளரும். நீரின் நிறம் வெளிறும், மணம் ஏறும். கீழே இறங்குந்தோறும் சாயம் கனக்கும்.

நுவரெலியாத் தேயிலை ஆறாயிரம் அடிக்கு அணித்தான உயரத்தில் விளைவது. அதனை முதன்முதல் ஊற்றியபோது, இது கழுவிய நீரோ என ஐயுற்றோம். அத்துணை வெளிறிய பொன்னிறம். வாயில் வைத்தாற் கனமென்று ஒன்றுமில்லை. விழுங்கிய பின்னரே பூவின் மணம் போன்ற ஒன்று மூக்கின் உட்புறத்தே எழுகின்றது. நம் ஊர்க் கடையில் இதனைக் கொடுத்தால், ‘சாயம் காணாது’ என்று கோப்பையைத் திருப்பித் தருவர் என்பது திண்ணம். இதிற் பால் விடுதல் மல்லிகைப்பூவை எண்ணெயிற் பொரித்தல் போன்றது.

திம்புளப் பிரதேசம் மத்திய மலைகளின் மேற்குச் சரிவு. தலவாக்கலை, பொகவந்தலாவை முதலிய ஊர்களெல்லாம் அதனுள் அடங்கும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் காலத்தில் அச்சரிவு மழையின்றி உலர்ந்திருக்குமாதலின், தை முதல் பங்குனி வரையிற் பறிக்கும் கொழுந்தே அங்குச் சிறந்தது. செம்பொன் நிறம், நாவை விழிக்கச் செய்யும் ஒரு துடிப்பு. விடியற்காலையில் முதற் பாடவேளைக்கு முன்னர் அருந்துவதற்கு இதனிற் சிறந்தது பிறிதில்லை என்பது எம் கருத்து. ஒரு சொட்டுப் பால் விட்டாலும் தாங்கும்.

ஊவாத் தேயிலையைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். யாம் வாழ்ந்த மண் என்பதனாலன்று, அதன் இயல்பே அத்தகையது. தென்மேற் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மேற்குச் சரிவிலே கொட்டித் தீர்த்துவிட்டு, மலைமுகட்டைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது உலர்காற்றாகி வீசுகின்றது. கீழ்மாகாணத்தார் இக்காற்றைக் கச்சான் என்பர். கச்சான் என்றதும் நல்லூர்த் திருவிழாவின் கச்சான்கடைகளே நம்மவர்க்கு நினைவில் எழும். வியப்பு யாதெனில், அத்திருவிழா நடைபெறும் ஆடி ஆவணி மாதங்களே அக்கச்சான் காற்று வீசும் மாதங்களுமாம். காற்றில் வருந்திய செடி தன் இலையிலே ஒரு தனி மணத்தைச் சேர்த்துக்கொள்கின்றது. எம் மாணவன் ஒருவன் அதனை முகர்ந்து, “நோவுக்குப் பூசுற தைலம் மாதிரி இருக்கு சேர்” என்றான். ஏனையோர் சிரித்தனர். ஆயின் அவன் சொன்னது பொய்யன்று. நோவுத் தைலங்களுக்கு அம்மணத்தைத் தரும் மெதைல் சலிசிலேற்று என்னும் பொருளே ஊவாத் தேயிலையின் மணத்திலும் முதன்மையானது என்று இரசாயன நூலார் கூறுவர். முதல் மிடற்றில் அது நாவுக்கு அயலாய் நிற்கும். மூன்றாம் நாளில் அது இல்லாத தேநீர் வெறுமையாய்த் தோன்றும். ஆண்டில் மூன்று மாதமே அது கிட்டும். புரட்டாதி கழிந்து மழை தொடங்கியதும் அதே மலையின் அதே செடி வேறொரு தேயிலையைத் தருகின்றது.

கண்டிப் பகுதியின் இடைநாட்டுத் தேயிலை செம்பு நிறமும் நல்ல கனமும் உடையது; குறைசொல்வதற்கும் இல்லை, வியந்து நிற்பதற்கும் இல்லை. சப்ரகமுவையிலும், காலி மாத்தறைப் பகுதிகளை உள்ளடக்கிய உருகுணையிலும் விளையும் தாழ்நாட்டுத் தேயிலையோ கருமையானது, தடித்தது; பாகு காய்ச்சும்போது எழும் மணம் போன்ற ஒன்று அதில் உண்டு. அங்குப் பெரும்பகுதி சிறு நிலவுடைமையாளர் கையில் உள்ளது. மத்திய கிழக்கு நாட்டார் அதனை விரும்பி வாங்குவர். நம் மூதாட்டியர் கறந்த சூட்டோடு ஆட்டுப்பாலைக் காய்ச்சித் தேநீரிற் கலந்து தருவார்களே, அதற்கேற்ற தேயிலை இதுவே. பாலும் சீனியும் ஏற்பதற்கென்றே பிறந்த தேயிலை ஒன்று இருக்க, எல்லாவற்றிலும் அவற்றைக் கொட்டுதல் ஏன் என்பதே எம் வினா. பாலின்மேற் பகைமை எமக்கு இல்லை.

பச்சைத் தேயிலையை ஈண்டு ஒரு சொல்லிற் கூறி அப்பாற் செல்லலாம். கொழுந்தைக் கசக்கிக் காற்றிற் கறுக்கவிடாமல், பறித்த அளவில் ஆவியிலோ சூட்டிலோ வாட்டி எடுப்பது அது. உடல்நலம் கருதி அதனைப் பருகுவோர் இன்று பலர். எமக்கு அது முருங்கையிலை அவித்த நீரையே நினைவூட்டுகின்றது; முருங்கையிலையோ வேலியில் விலையின்றிக் கிடைக்கின்றது. விரியாத குருத்தை மட்டும் கிள்ளி வெயிலில் உலர்த்திய வெள்ளிக்குருத்துத் தேயிலையும் ஒருமுறை கிட்டியது. விலையைக் கேட்ட பின்னர், சுவையைப் பற்றி நடுநிலையோடு கூறும் தகுதி எமக்கு இல்லாதுபோயிற்று.

நிற்க. தேயிலைப் பொதிகளின்மேற் காணப்படும் எழுத்துகளைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. ‘ஓறேஞ் பீக்கோ’ என்பதைக் கண்டு தோடம்பழச் சுவை கலந்தது என எண்ணுவோர் கற்றவருள்ளும் உளர். தோடம்பழத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பீக்கோ என்பது குருத்தின்மேற் படர்ந்த வெண்மயிரைக் குறித்த சீனச் சொல்லின் திரிபு. அவ்வெழுத்துகளெல்லாம் பெரும்பாலும் அரிதட்டிலே தேயிலை எவ்வளவு பெரிய துண்டாய் நின்றது என்பதையே காட்டுவன. தூள் என்றால் இழிந்தது என்பதும் பிழை. நல்ல மலையின் தூள் விரைவிற் சாயம் இறங்கும் நல்ல தேயிலையே. தீய மலையின் பேரிலை தீயதே.

கொழும்பிலே தேயிலைத் தரகர் நிலையமொன்றிற் பணியாற்றும் நம் பழைய மாணவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் எம்மைத் தம் சுவைபார்க்கும் கூடத்துக்கு அழைத்துச் சென்றார். நீண்ட மேசையின்மேல் வெண்ணிறப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாய் நின்றன. ஒவ்வொன்றின் பின்னும் மூடியிட்ட சிறு குவளை. மூடியின்மேற் கவிழ்த்துவைத்த ஊறிய இலை. அதன் பின் உலர்ந்த தேயிலை. 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம் ஊறவிடுதல் என்பது 1980ஆம் ஆண்டில் உலகத் தர நிறுவனம் வகுத்த முறை. சுவைஞர் கரண்டியால் அள்ளி, பெருஞ்சத்தத்துடன் உறிஞ்சி, ஒரு கணம் வாயில் உருட்டி, அருகே உருட்டிச் செல்லும் உமிழ்கலத்தில் உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்கின்றார். சத்தமிட்டு உறிஞ்சலாகாது என்று விடுதியில் எமக்குக் கற்பித்த மேற்பார்வையாளரை அவ்வேளை நினைத்துக்கொண்டோம். காற்றோடு சேர்ந்து நீர் துளிகளாய்ச் சிதறினால்தான் மணம் மூக்குக்கு எட்டுமாம்.

எம்மைக் கவர்ந்தது அவர்கள் பேசிய மொழி. ‘பிறிஸ்க்’ என்றனர், ‘பிறைற்’ என்றனர், ‘பொடி’ என்றனர். பொடி என்றதும் தூளைக் கூறுகின்றனர் என எண்ணினோம். நீரின் உடலை, அதாவது வாயில் அது தரும் கனத்தைக் கூறினராம். இவற்றுக்கெல்லாம் தமிழில் என்ன சொல்வீர் எனப் பழைய மாணவரை வினவினோம். “தமிழில் இதுக்குச் சொல் இல்லை, சேர்” என்றார் அவர், சிறிதும் தயக்கமின்றி.

இக்கூற்றை எம்மால் ஏற்க இயலவில்லை, இன்றும் இயலவில்லை. ஆங்கிலேயன் துவர்ப்பைச் சுவையாகவே எண்ணாதிருந்த காலத்தில், அறுசுவையுள் ஒன்றாக அதனை வைத்துப் பெயரிட்டவர் நம் முன்னோர். தேயிலையின் உயிரே அத்துவர்ப்பு. பாக்கிலும் வாழைப்பூவிலும் நாம் நாள்தோறும் மெல்வது அதனையே. மேலும், கறுத்தக்கொழும்பானுக்கும் வெள்ளைக்கொழும்பானுக்கும், அம்பலவிக்கும் செம்பாட்டானுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மக்கள் நாம். எந்த வளவின் மாம்பழம் என்றுகூடச் சிலர் சொல்வர். அத்தகைய நாவுக்குத் திம்புளையும் ஊவாவும் ஒன்றாய்த் தோன்றுவது நாவின் குறையன்று. யாழ்ப்பாணத்தார் ‘சாயம்’ என ஒரு சொல்லை ஏற்கெனவே வைத்திருக்கின்றனர். வாயிற் கனத்தைத் ‘திட்பம்’ எனலாம். நாவைத் துடிக்கச் செய்வதை ‘விறுவிறுப்பு’ எனலாம். இவை எம் மனத்திற் பட்டவை. இவற்றினும் நல்லனவற்றை மலையக மக்களின் வாயிலிருந்து கேட்டுத் தொகுத்திருக்கலாம். கேட்டவர் யார்?

யாம் ஒருமுறை கேட்டோம். பாடசாலையில் எம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தியின் தாயார் அத்தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர். பெற்றோர் சந்திப்பு ஒன்றின் பின், நீங்கள் பறிக்கும் கொழுந்தின் தேநீரை அருந்தியிருக்கின்றீர்களா என வினவினோம். “எங்களுக்கு எங்க சேர் அதெல்லாம் கெடைக்குது? தூளுதான்” என்றார். அடுத்த வாரம், அத்தோட்டத் தொழிற்சாலையிலேயே விற்கப்பட்ட பொதியொன்றை வாங்கி, லயத்திலுள்ள அவர் வீட்டுக்குச் சென்றோம். பொதியின் மேலுறையை நீக்கிக் கடதாசியில் மடித்தே கொடுத்தோம். நீர் கொதித்தது, இலையை இட்டு மூடினார், மூடியைத் திறந்து முகர்ந்தார், பருகுமுன்னரே, “இது ஆடிமாசக் கொழுந்து சேர். காத்து அடிக்கிறப்ப எடுத்தது” என்றார். அது உண்மை. பொதியில் அச்சிட்டிருந்ததும் யூலை மாதமே. பின்னர் இரண்டு மிடறு பருகி, கோப்பையைக் கீழே வைத்து, “வாசம் நல்லாத்தான் இருக்கு. சாயம் பத்தாது. மழையில மலையில நிக்கிறவங்களுக்கு இது காணாது” என்று கூறிச் சிரித்தார்.

கொழும்புக் கூடத்தில் உள்ளோர் பல ஆண்டுப் பயிற்சியின் பின் பெறுகின்ற அறிவு இது. அதற்கென அவர்களுக்கு உயர்ந்த வேதனமும் உண்டு. அவர்கள் உழைப்பை யாம் குறைத்துக் கூறவில்லை. ஆயின் முகர்ந்த அளவிலே திங்களையும் காற்றையும் சொன்ன இவ்வம்மையாருக்கு நாட்கூலி எவ்வாறு கணிக்கப்பட்டது? கொழுந்தின் நிறையால். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ கேட்கப்படும். குறைந்தால் அரைப்பேர் விழும், பாதிக்கூலியே கிட்டும். ஐந்து கிலோப் பச்சைக்கொழுந்து ஏறக்குறைய ஒரு கிலோத் தேயிலை ஆகும் எனக் கொண்டால், ஒருவர் ஒருநாட் பறிப்பது 3,600 கிராம் தேயிலை. கோப்பைக்கு 2 கிராம் வீதம் 1,800 கோப்பைத் தேநீர். அன்றைய முழுக்கூலியாற் கொழும்பு உணவுவிடுதி ஒன்றிலே எத்தனை கோப்பை அருந்தலாம் என்பதை வாசகரே கணித்துக்கொள்வாராக.

இம்மக்களின் வரலாறு நம் வாயிலைக் கடந்தே மலையேறியது என்பதை நம்மவருட் பலர் மறந்துவிட்டனர். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவிலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பது பாடநூலில் உள்ளது. 1869ஆம் ஆண்டிற் கோப்பிச் செடிக்கு நோய் கண்டது, துரைமார் தேயிலைக்கு மாறினர் என்பதும் உள்ளது. அவருக்கு நாற்பதாண்டுகட்கு முன்னரே, கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடே கால்நடையாக மாத்தளைக்குச் சென்றனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியில் விழுந்தோரை அக்காட்டு மண்ணே ஏற்றுக்கொண்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்தம் வழிவந்தோரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டிலே இரு நாட்டுத் தலைவர்கள் மேசையொன்றில் அமர்ந்து, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே எனப் பங்கிட்டனர். எஞ்சிய 150,000 பேரைப் பங்கிட இன்னும் பத்தாண்டு சென்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே இங்கிருந்தோர்க்குக் குடியுரிமைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. 2023ஆம் ஆண்டில், இருநூறாண்டு நிறைவை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. அந்நடையில் நம் கல்லூரிச் சங்கத்தின் பெயரால் எவரும் நடந்ததாக அறிந்திலோம்.

இன்னும் வெளிப்படையாகவே கூறிவிடுகின்றோம். வடக்கிலே அம்மக்களைச் சுட்டுதற்கு ‘தோட்டக்காட்டார்’ என ஒரு சொல் வழங்குகின்றது. 1977ஆம் ஆண்டின் வன்செயலால் மலைநாட்டை விட்டு வன்னிக்கு ஓடிவந்து, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நம்மவர் வயல்களிற் கூலிக்கு நின்றவர்கள்மேல் அச்சொல் வீசப்பட்டதை எம்மினும் மூத்தோர் அறிவர். பட்டம் பெற்றோர் வாயிலும், ஆசிரியர் ஓய்வறைகளிலும், பெரும்பாலும் கையில் தேநீர்க் கோப்பையுடன் இருக்கும் வேளையிலேயே, அச்சொல்லை யாம் கேட்டிருக்கின்றோம். தோட்டம் செய்தலே யாழ்ப்பாணத்தாரின் பெருமை. வெங்காயத் தோட்டமும் புகையிலைத் தோட்டமும் நம் வீடுகளைக் கட்டின, நம் பிள்ளைகளைப் படிப்பித்தன. அதே சொல் தேயிலையோடு சேர்ந்தவுடன் வசையாவது எவ்விலக்கணத்தின்படி? தமிழாசிரியர் என்ற முறையில் எமக்கு அது விளங்கவில்லை. மலையகத்தார் என்னும் நல்ல சொல் இருக்கின்றது. அவர்களே தமக்கு இட்டுக்கொண்ட சொல்.

இவ்வளவும் கூறிய பின், சங்கத்துக்கு இரண்டொரு விண்ணப்பங்களை முன்வைத்தல் முறையாகும். சங்கம் ஆண்டுதோறும் வறிய மாணவர்க்குப் புலமைப்பரிசில் வழங்குகின்றது. அதற்கு வெளிநாடுகளிலிருந்து கணிசமான பணமும் வருகின்றது. நம் விடுதியிலே மலையகப் பிள்ளைகளுக்கென ஆண்டுக்கு நான்கு இடங்களை ஒதுக்கி, அவர்தம் உணவு, உடை, பயணச் செலவுகளை அப்பணத்திலிருந்து ஏற்றல் கூடும். உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் கற்கத் தம் ஊரில் வசதியின்றி மறுகும் பிள்ளைகளை யாம் நேரிற் கண்டவர்கள். நான்கு என்பது சிறிய எண். பொதுக்கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக முன்மொழியவும் எண்ணியுள்ளோம். வழிமொழிவோர் இருப்பின் எமக்கு எழுதுவார்களாக.

மற்றொன்று, விழாநாளின் மாலைத் தேநீர் விருந்து பற்றியது. தேநீர் விருந்து எனப் பெயரிட்டு, கேக்கையும் பற்றிசையும் பற்றி மூன்று முறை கூட்டம் கூடி ஆராயும் குழுவினர், தேநீரைச் சமையற்காரர் கையில் விட்டுவிடுதல் பொருந்தாது. இவ்வாண்டு மூன்று வகைத் தேயிலையை வாங்கி, மூன்று பாத்திரங்களில் வைத்து, எந்த மலையினது என்று தமிழிலே எழுதி ஒட்டுதல் வேண்டும். ஊவா ஒன்று, திம்புள ஒன்று, தாழ்நாட்டினது ஒன்று. செலவு மிகாது.

ஆயின் நீரை மறத்தலாகாது. நம் குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்தது. கிணற்று நீரிற் பெரும்பகுதி வன்னீர். கேத்திலின் அடியிற் படியும் வெண்பற்றே அதற்குச் சான்று. ஊவாவிலிருந்து யாம் கொண்டுவந்த முதற்பொதியை ஊர்க் கிணற்று நீரில் இட்டபோது, அங்கே செம்பொன்னாய் ஒளிர்ந்த நீர் இங்கே மங்கிய கபிலமாய் மாறி, மேலே மெல்லிய ஆடை படிந்தது. மணமும் பாதி மறைந்தது. தேயிலைக்காரன் ஏமாற்றிவிட்டான் என வீட்டார் கூறினர். நீரிலுள்ள கல்சியம் தேயிலையின் துவர்ப்பொருளோடு கூடி அவ்வாடையை உண்டாக்குகின்றது. தேசிக்காய்ப் புளி சில துளி விட்டால் ஆடை அகலும். ஆயினும் புளி ஊவாவின் மணத்தோடு சண்டையிடும். சிறந்த வழி மழைநீரே. ஐப்பசி கார்த்திகை மாரியிலே, முதல் மழையைக் கழியவிட்டு, ஓட்டுக்கூரையிலிருந்து தூய துணி கட்டிப் பிடித்த நீரிற் காய்ச்சியபோது, நான்கு ஆண்டு வாழ்ந்த அம்மலை எம் திண்ணைக்கே வந்ததுபோல் இருந்தது. விழா மாரிக்குப் பின்னரே நடைபெறவிருத்தலின், விடுதிக் கூரையிலிருந்து இரண்டு தொட்டி நீரை இப்போதே சேர்த்து மூடிவைத்தல் இயலாததன்று. சாரணர் குழுவினர் அப்பணியை மகிழ்ந்து செய்வர்.

நீரை நன்கு கொதிக்கவிடுக. கொதித்த நீரை இலையின்மேல் ஊற்றுக, இலையை நீரோடு சேர்த்துக் காய்ச்சற்க. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறவேண்டா. சீனியைத் தனியே வைத்து, வேண்டுவோர் இட்டுக்கொள்ளுமாறு விடுக. பனங்கட்டித் துண்டுகள் கிடைப்பின் இன்னும் நன்று. ஆட்டுப்பால் காய்ச்சித் தருவதற்கு ஊரவர் இருவர் இசைந்துள்ளனர். அதனைத் தாழ்நாட்டுப் பாத்திரத்தின் அருகே மட்டும் வைத்தல் வேண்டும். பால்மாப் பேணியை அன்று மாலை ஆறு மணி வரை சமையற்கட்டிலேயே பூட்டிவைக்குமாறு குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றோம்.